ரயில் சீட்டை வாங்கித் தந்தது யார்? ‘கவுன்ட்டி லைன்ஸ்’ திரைப்படமும் அதன் பின்னுள்ள வணிகமும்

பள்ளிக்குப் போக வேண்டிய வயதுச் சிறுவன் ஒருவன், யாரோ வாங்கித் தந்த ரயில் சீட்டுடன், முன்பின் பார்த்திராத கடலோர ஊர் ஒன்றுக்குப் போகிறான். அவன் உடலுக்குள் போதைப்பொருள் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு லண்டன் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2020 டிசம்பரில் பிரிட்டனில் வெளியான ‘கவுன்ட்டி லைன்ஸ்’ என்னும் படத்தின் மையம் இந்தப் பயணம்தான். சிறிய செலவில் இதை எடுத்த ஹென்றி பிளேக், பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட லண்டன் சிறாரிடையே இளைஞர் நலப் பணியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். கதை நாயகன் டைலருக்கு வயது 14. தாய் இரவு நேரத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறவர், வீட்டில் ஒரு தங்கை, தந்தை இல்லை. பள்ளியில் மற்ற மாணவர்களின் சீண்டலுக்கு ஆளாகும் அவனுக்கு, சைமன் என்னும் இளைஞன் துணை நின்று, உணவு வாங்கித் தந்து, நெருங்கிப் பழகி, இறுதியில் வேலை தருகிறான்.

படத்தைப் பார்ப்பவருக்கு மூன்று இடங்களில் குழப்பம் நேர்வது இயல்பு. தலைப்பின் பொருள் என்ன? இவ்வளவு துன்பப்படும் சிறுவன் ஏன் ஓடிவிடவோ தாயிடம் சொல்லவோ செய்யவில்லை? அவனைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கிறதா, பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கிறதா? இவற்றுடன், சிறாரை வசப்படுத்திச் சுரண்டும் குழுக்களைக் குறிக்க 2025-இல் பிரிட்டிஷ் செய்திகளில் நிறைந்திருந்த ‘கிரூமிங் கும்பல்’ என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டு, இரண்டும் ஒரே விவகாரம் என்ற எண்ணத்தை உண்டாக்கியிருக்கிறது. இந்த நான்கையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

விடையின் சாரம் படத்தின் தொடக்கக் காட்சியிலேயே இருக்கிறது. டைலரின் எதிரே அமர்ந்திருக்கும் பெண் பணியாளர் ஒருவர், வணிகர்கள் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளும் ‘ஏற்கத்தக்க இழப்பு’ என்றால் என்னவென்று அவனுக்கு விளக்கிவிட்டு, இந்த வணிகத்தில் அந்த இழப்பு அவன்தான் என்பதை உணர்த்துகிறார். இந்த ஏற்பாட்டில் உள்ள ஒவ்வொன்றும், தொலைபேசி முதல் ரயில் பயணம் வரை, இழப்பை மேலே இருப்பவரிடமிருந்து கீழே இருப்பவரிடம் தள்ளுவதற்காகவே அமைந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

தலைப்பில் உள்ள இரண்டு சொற்கள்

‘கவுன்ட்டி’ என்பது இங்கிலாந்தின் பழைய நிலப்பிரிவு. நம் மாவட்டத்துக்கு ஒப்பானது. பேச்சு வழக்கில் பெருநகருக்கு வெளியே உள்ள ஊர்ப்புறத்தையும் அது குறிக்கும். ‘லைன்’ என்பது இங்கே ரயில் பாதையைக் குறிப்பதில்லை. பலர் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள். படத்தில் ரயில் வருவதும் அந்த எண்ணத்துக்கு இடமளிக்கிறது. உண்மையில் அது ஒரு கைபேசி இணைப்பு.

லண்டன், லிவர்பூல், பர்மிங்ஹாம் போன்ற பெருநகரக் கும்பல் ஒன்று, தொலைவில் உள்ள சிறுநகர் ஒன்றுக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கும். அந்த ஊரில் ஹெராயினுக்கும் கிராக் கொக்கைனுக்கும் அடிமையானவர்களின் எண்கள் எல்லாம் அந்தக் கைபேசியில் இருக்கும். ‘சரக்கு வந்துவிட்டது’ என்ற குறுஞ்செய்தி ஒரே நேரத்தில் அனைவருக்கும் போகும். வாங்குவோரின் அழைப்பு நகரத்தில் இருப்பவனுக்கு வரும். அவன் சிறுநகரில் காத்திருக்கும் சிறுவனுக்கு இடத்தைச் சொல்வான். சிறுவன் கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தை வாங்கி வருவான். ஆக, இணைப்பை வைத்திருப்பவன் போதைப்பொருளையும் தொடுவதில்லை, வாங்குபவரையும் காண்பதில்லை. வாடிக்கையாளர் பட்டியலே முதலீடு என்பதால் ஓர் இணைப்பு, கடையின் பெயரைப் போல, விலைக்குக் கைமாறவும் செய்யும்.

பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இத்தகைய இணைப்புகள் குறைந்தது 720 என்று கணக்கிட்டது. 2019 ஜனவரியில் வெளியான அடுத்த மதிப்பீட்டில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2,000 ஆயிற்று. இதில் ஒரு பகுதி, காவல்துறை கூர்ந்து தேடத் தொடங்கியதால் வெளிச்சத்துக்கு வந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏன் சிறுநகர், ஏன் கடலோரம்

பெருநகரில் போட்டி அதிகம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கும்பல் உரிமை கொண்டாடும். சிறுநகரில் வாங்குவோர் உண்டு, வலுவான போட்டியாளர் இல்லை, காவலர் எண்ணிக்கையும் குறைவு. சுற்றுலா தேய்ந்துபோன கடலோர ஊர்களில் பழைய விடுதிகள் மலிவான ஒற்றை அறை வாடகை வீடுகளாகிவிட்டன; ஆதரவற்றோரும் போதைக்கு அடிமையானோரும் அங்கே சேர்கிறார்கள்.

இன்னொரு காரணம் நிர்வாகம் சார்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 தனித்தனி வட்டாரக் காவல் படைகள் இருக்கின்றன. லண்டனில் ஒரு சிறுவன் காணாமற்போனால் அது ஒரு படையின் கோப்பு. நார்விச் நகரில் அவன் போதைப்பொருளுடன் பிடிபட்டால் அது இன்னொரு படையின் கோப்பு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத வரையில் முதல் கோப்பில் அவன் தேடப்படும் குழந்தை, இரண்டாவதில் பிடிபட்ட வியாபாரி. நார்விச் அடங்கிய நார்ஃபோக் காவல்துறை 2016-இன் இறுதியில் இதற்கெனத் தனி நடவடிக்கையைத் தொடங்கியதும், பிரிட்டிஷ் ரயில்வே காவல்துறை 2019 டிசம்பரில் தனிப் பிரிவு அமைத்ததும் இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான்.

சிறுவன் எப்படி வசப்படுத்தப்படுகிறான்

‘கிரூமிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வசப்படுத்துதல்’ என்பது ஓரளவு பொருந்தும். ஒருவரைப் பின்னால் சுரண்டும் நோக்கத்தோடு, அவருடைய நம்பிக்கையையும் பற்றையும் பொறுமையாகச் சம்பாதிப்பது அது. மிரட்டல் இதில் கடைசியில் வருவது. தொடக்கத்தில் இருப்பது பரிவு. இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல்தான், சிறுவன் ஏன் தொடக்கத்திலேயே விலகவில்லை என்று நாம் கேட்கிறோம்.

1. தேர்வு. பள்ளிக்கு அருகிலுள்ள கோழி வறுவல் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ, இப்போது பெரும்பாலும் சமூக ஊடகங்களிலோ, தனித்து நிற்கும் சிறுவன் கண்ணில் படுகிறான். முன்பு காவல்துறையில் சிக்காத பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் எழாது, பிடிபட்டாலும் தண்டனை குறைவு, கூலியும் சொற்பம்.

2. கொடுத்தல். ஒரு வேளை உணவு, ஒரு ஜோடி விலையுயர்ந்த காலணி, ஒரு கைபேசி. இவற்றைவிடப் பெரிதாக ஒன்றும் கொடுக்கப்படுகிறது: கவனிப்பு. ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது?’ என்று கேட்கும் ஒருவன், அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் யாருக்கும் நேரமில்லாத சிறுவனுக்கு அண்ணன் ஆகிவிடுகிறான். படத்தில் சைமன் முதலில் செய்வது டைலரைக் காப்பாற்றுவதுதான். அந்தக் காட்சியில் பார்வையாளரான நமக்கே அவன்மேல் ஒரு நன்றி பிறக்கிறது. இயக்குநர் நம்மையும் அதே வலையில் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறார் என்பதே இப்படத்தில் அவர் எடுத்த மிகச் சிறந்த தீர்மானம் என்று கருதுகிறேன்.

3. சிறு வேலை. ஒரு பையை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது, தெருமுனையில் நின்று பார்த்துக்கொள்வது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்பதில்லை; கேட்காமல் இருப்பதே விசுவாசம் என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும்.

4. பிரித்தல். வீட்டுக்கு வரும் நேரம் தாமதமாகிறது, பள்ளி நழுவுகிறது, தாயோடு வாய்ச்சண்டை பெருகுகிறது. தன் மகன் கெட்டுப்போனான் என்று தாய் எண்ணுகிறார். வீட்டில் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று மகன் எண்ணுகிறான். இருவரும் இப்படி எண்ணுவது கும்பலுக்கு வேண்டிய விளைவு.

5. ‘ஊர்ப்புறம் போதல்’. அந்த உலகத்தின் பேச்சில் நகரத்தை விட்டு விற்பனைக்குப் போவதற்கு இதுதான் பெயர். ஒரு நாள் என்று சொல்லி அனுப்பப்பட்டவன் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறான். போதைப்பொருளை உடலின் உட்புறத்தில் மறைத்துக்கொண்டு போகும்படி கட்டாயப்படுத்தப்படுவது இக்கட்டத்தில்தான். தன்னளவிலேயே பாலியல் வன்முறைக்கு ஒப்பான அந்தச் செயலைப் பற்றி எந்தச் சிறுவனும் வீட்டில் வாய் திறப்பதில்லை. வெட்கம் இங்கே பூட்டாகிறது.

இவை ஒன்றன்பின் ஒன்றாக, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நடக்கின்றன. எந்த ஒரு படியும் அதற்கு முந்தையதைவிட மிகப் பெரியதாகத் தோன்றுவதில்லை என்பதால், எந்த இடத்தில் மறுத்திருக்க வேண்டும் என்று பின்னால் அந்தச் சிறுவனாலேயே சொல்ல முடிவதில்லை.

கடன்: விலக முடியாததன் காரணம்

படத்தைப் பார்த்துவிட்டு ‘அவன் ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பவருக்கு உரிய விடை இந்தப் பகுதியில் இருக்கிறது. தமிழில் இதற்கு நெடுங்காலமாகவே துல்லியமான ஒரு சொல் உண்டு: கொத்தடிமை. வாங்கிய முன்பணத்தை உழைத்து அடைக்கும்படி கட்டிப்போடப்பட்டு, கணக்கு எப்போதும் மற்றவன் கையில் இருப்பதால் ஒருபோதும் அடைக்க முடியாதவன்தான் கொத்தடிமை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் நாம் கண்ட அதே பொறியைத்தான் பிரிட்டிஷ் அறிக்கைகளும் இங்கே காண்கின்றன. வேறுபாடு என்னவென்றால், கடன் வாங்கியதே இச்சிறுவனுக்குத் தெரியாது.

முதலில், அன்பளிப்பாக வந்த காலணியும் உணவும் ஒரு நாள் கணக்கில் ஏறுகின்றன. அடுத்து, அவன் கையில் உள்ள சரக்கோ பணமோ தொலைகிறது. வழியில் யாரேனும் கத்தியைக் காட்டிப் பறித்துக்கொள்கிறார்கள். காவல்துறையும் குழந்தைகள் நல அமைப்புகளும் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கும் கொடுமை என்னவென்றால், அந்தப் பறிப்பைப் பல வேளைகளில் ஏற்பாடு செய்பவர்கள் அவனை அனுப்பிய கும்பல்காரர்களேதான். சரக்கு அவர்களிடமே திரும்பிவிடுகிறது. கடன் மட்டும் சிறுவன் தலையில் நிற்கிறது. அதை அடைக்க அவன் கூலியின்றி உழைக்க வேண்டும். மறுத்தால் தாயின் வேலையிடமும் தங்கையின் பள்ளியும் தங்களுக்குத் தெரியும் என்று நினைவூட்டப்படும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விளைவு உண்டு. காவலர்கள் சிறுவனைச் சோதித்துச் சரக்கைப் பறிமுதல் செய்தால், அதன் மதிப்பும் அவன் கணக்கில் சேர்கிறது. சட்டத்தின் பார்வையில் வெற்றியான ஒரு நடவடிக்கை, விடுவிக்கப்பட்டு வீடு திரும்பும் அவனை முன்னைவிட அதிகக் கடன்காரனாக, அதிக ஆபத்தில் விட்டுவிடுகிறது. பிடித்த அன்றே பாதுகாப்பும் தொடங்காவிட்டால் அந்தக் கைதால் கும்பலுக்கே ஆதாயம்.

குயிலின் முட்டை

சிறுவன் தங்குவதற்கும் சரக்கை வைப்பதற்கும் ஓர் இடம் வேண்டும். போதைக்கு அடிமையானவர், மனநலம் குன்றியவர், தனித்து வாழும் முதியவர் ஆகியோரின் வீட்டுக்குள் முதலில் நட்பாகவும் இலவச போதைப்பொருளோடும் நுழைந்து, பிறகு வீட்டையே கைப்பற்றிக்கொள்வார்கள். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதை நாம் அறிவோம். அதைப் போலவே பிற பறவைகளின் கூட்டை அபகரிக்கும் ஐரோப்பியக் குயிலின் ‘குக்கூ’ என்னும் பெயராலேயே ஆங்கிலத்தில் இச்செயலை ‘குக்கூயிங்’ என்கிறார்கள். வீட்டுக்காரரும் சிறுவனும் ஒருவரையொருவர் அஞ்சியபடி ஒரே அறையில் அடைந்து கிடப்பார்கள்.

சட்டத்தின் இரண்டு கண்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரைக் குற்றத்துக்குப் பொறுப்பாக்கக்கூடிய வயது 10. எனவே 14 வயதுச் சிறுவன் ஹெராயினுடன் பிடிபட்டால், 1971-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி முதல்தர ஆபத்துப் பிரிவைச் சேர்ந்த பொருளை விற்கும் நோக்கில் வைத்திருந்ததாக அவன்மேல் வழக்குத் தொடரலாம். இது ஒரு கண்.

மற்றொரு கண் 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம். இதன் 2-ஆம் பிரிவு, ஒருவரைச் சுரண்டும் நோக்கத்தோடு அவருடைய பயணத்துக்கு ஏற்பாடு செய்வதையே ஆட்கடத்தல் என்று வரையறுக்கிறது. அந்தப் பிரிவின் இரண்டு கூறுகள் இப்படத்துக்கு நேரடியாகப் பொருந்தும். நாட்டுக்குள்ளேயே நடக்கும் பயணமும் பயணம்தான். எல்லை கடக்க வேண்டியதில்லை. பயணிப்பவர் சம்மதித்தாரா என்பது பொருட்டல்ல. ஆகவே லண்டனிலிருந்து கடலோர ஊருக்கு ஒரு சிறுவனுக்கு ரயில் சீட்டு எடுத்துக் கொடுத்தவன், அந்த நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால், ஆட்கடத்தல் குற்றவாளி. ‘அவனாக வந்தான்’ என்ற பதில் அங்கே செல்லாது.

இந்த வாசகம் தாளில் ஏறியது 2015-இல். நீதிமன்றத்தில் சிறாருக்காக உயிர்பெற மூன்று ஆண்டுகள் பிடித்தன. பர்மிங்ஹாமிலிருந்து லிங்கன் நகருக்குச் சிறாரை அனுப்பிப் போதைப்பொருள் விற்ற 21 வயது இளைஞன் ஒருவனுக்கு 2018 அக்டோபரில் 14 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய இணைப்பு நடத்தியவர் சிறாரைக் கடத்தியதற்காக இச்சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட முதல் வழக்கு அது. இணைப்புகளின் எண்ணையே முடக்கும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு நீதிமன்றம் ஆணையிடும் அதிகாரமும் 2017-இல் வந்தது.

சிறுவனின் நிலைமை இந்த இரண்டு கண்களுக்கும் நடுவில் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதை வரிசையாகச் சொல்லலாம்.

1. காவல்துறை, உள்ளாட்சி மன்றம், அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் ஒன்று அவனை, சுரண்டப்பட்டவர்களை அடையாளம் காணும் தேசியப் பரிந்துரை அமைப்பு என்னும் அரசு நடைமுறைக்கு அனுப்பலாம். சிறாரைப் பரிந்துரைக்க அவர்களுடைய ஒப்புதல் தேவையில்லை. 2022-இல் இப்படிப் பரிந்துரைக்கப்பட்ட 16,938 பேரில் 2,281 பேர் இந்த இணைப்பு வணிகத்தோடு தொடர்புடையவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஆண் சிறுவர்கள்.

2. முதலில் ‘நம்புவதற்கு நியாயமான காரணம் உண்டா’ என்றும், பிறகு முடிவான தீர்மானமாகவும் இரண்டு கட்டங்களில் அவன் பாதிக்கப்பட்டவனா என்று முடிவு செய்கிறார்கள். இரண்டாவது முடிவுக்குப் பல மாதங்கள் ஆவது வழக்கம்.

3. குற்ற வழக்கில் அவன் அதே 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோரலாம். சுரண்டப்பட்டதன் நேரடி விளைவாக அச்செயலைச் செய்தான் என்பதும், அவனுடைய நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் அப்படித்தான் செய்திருப்பார் என்பதும் போதும். 18 வயதைத் தாண்டியவர் கட்டாயப்படுத்தப்பட்டதையும் காட்ட வேண்டும். சிறாருக்கு அந்தச் சுமை இல்லை. கொலை, கொள்ளை உள்ளிட்ட கடுங்குற்றங்களுக்கு இப்பிரிவு பொருந்தாது.

இந்த ஏற்பாடு தாளில் சீராகத் தோன்றினாலும், நடுவே ஒரு விரிசல் இருக்கிறது. அரசு நடைமுறை ஒருவனைப் பாதிக்கப்பட்டவன் என்று தீர்மானித்தாலும், அந்தத் தீர்மானத்தை நடுவர் குழுவின் (ஜூரி) முன் சான்றாக வைக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2009-இல் பிரிட்டனின் கஞ்சாத் தோட்டங்களில் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்ட இரண்டு வியட்நாமிய இளைஞர்களின் வழக்கில், கடத்தப்பட்ட சிறாராக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடன் அதை உரிய முறையில் மதிப்பிட்ட பின்னரே வழக்குத் தொடர வேண்டும் என்ற கடமையைப் பிரிட்டன் மீறியதாகக் கண்டது. ஒரு துறை ‘பாதிக்கப்பட்டவன்’ என்று எழுதிய சிறுவனை இன்னொரு துறை ‘குற்றம் சாட்டப்பட்டவன்’ என்று கூண்டில் நிறுத்துவது இன்றும் நடக்கக்கூடியதே.

‘கிரூமிங் கும்பல்’ செய்திகளோடு இதற்கு என்ன தொடர்பு

நேரடித் தொடர்பு இல்லை. 2025-இல் தலைப்புச் செய்திகளான ‘கிரூமிங் கும்பல்’ விவகாரம், ராதரம், ராச்டேல் போன்ற வட இங்கிலாந்து நகர்களில் ஆண்கள் குழுவாகச் சேர்ந்து சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியது பற்றியது. ராதரத்தில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 சிறார் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதை விசாரித்த பேராசிரியர் அலெக்சிஸ் ஜே 2014-இல் மதிப்பிட்டார். திரைப்படம் பேசுவது போதைப்பொருள் விற்பனைக்காக நடக்கும் குற்றவியல் சுரண்டல்.

ஆனாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே பிழை ஓடுகிறது. ராதரத்துச் சிறுமிகளைப் பற்றி அதிகாரிகள் எழுதிய குறிப்புகளில், அவர்களாகவே அந்த வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டார்கள் என்ற எண்ணம் ஊறியிருந்தது. ‘குழந்தை விபசாரம்’ என்ற சொல் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதே 2015-இல்தான். சிறுமியை விலைமகள் என்று அழைப்பதை நிறுத்த அவ்வளவு காலம் பிடித்த ஒரு நாட்டில், சிறுவனைப் போதை வியாபாரி என்று அழைப்பதை நிறுத்துவது எளிதாக இராது. அதே அலெக்சிஸ் ஜே தலைமையில் 2024 மார்ச்சில் வெளியான ஆய்வு, குற்றங்களில் சுரண்டப்படும் சிறாருக்கென ஒரே சட்டத் தொகுப்பு வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

இடைவெளி எங்கே உண்டாயிற்று

கும்பலின் தந்திரம் மட்டும் இதை விளக்கிவிடாது. சிறுவனுக்கு அருகில் இருந்திருக்க வேண்டியவர்கள் ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் இளைஞர் நலப் பணிக்குச் செலவிட்ட தொகை 2010-11-இல் ஏறத்தாழ 140 கோடி பவுண்டு. 2018-19-இல் அது 43 கோடிக்கும் கீழே இறங்கியது என்று ஒய்.எம்.சி.ஏ. கணக்கிட்டது. அந்தக் காலத்தில் சுமார் 750 இளைஞர் மையங்கள் மூடப்பட்டன. 4,500-க்கும் மேற்பட்ட இளைஞர் பணியாளர்கள் வேலை இழந்தார்கள். மாலை நான்கு மணிக்கு விளக்கெரியும் ஒரு கூடமும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பெரியவரும் இல்லாமற்போன தெருவில், கோழி வறுவல் கடைதான் மிஞ்சுகிறது.

பள்ளியிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றப்படுவது இன்னொரு திருப்புமுனை. 2017-18 கல்வியாண்டில் இங்கிலாந்தில் சுமார் 7,900 மாணவர்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் அனுப்பப்படும் மாற்றுக் கல்வி மையங்களில் படிப்பு நேரம் குறைவாகவே இருப்பதுண்டு. ஆள் தேடும் கும்பலுக்கு அந்த வாசல்கள் நன்கு தெரியும். குற்றவியல் சுரண்டலில் சிக்கி இறந்த அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்ட 21 சிறாரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2020 மார்ச்சில் வெளியான தேசிய அளவிலான ஆய்வும், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட தருணம் பலருடைய வாழ்வில் சரிவை விரைவுபடுத்தியதைக் கண்டது. பெற்றோர் அக்கறையற்றவர்கள் என்ற பொதுவான நம்பிக்கைக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தச் சிறாரில் பலர் அதற்கு முன் சமூக நலத் துறையின் பார்வைக்கு வந்ததே இல்லை.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் இதைத் தங்களுக்குத் தொலைவானதாகக் கொள்ளக் காரணமில்லை. இரண்டாவது கைபேசி, விளக்கம் சொல்ல முடியாத புதிய உடை, கூப்பிட்டவுடன் எழுந்து போகும் பழக்கம், பயன்படுத்திய ரயில் சீட்டு, இரவு தங்கலுக்குப் பிறகு உடல் சோர்வும் எரிச்சலும் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். நான்கு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று அடக்கி வைக்கும் ஒவ்வொரு நாளும் கடன் வளர்கிறது.

புதிய மசோதா

2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தாக்கலான குற்றம் மற்றும் காவல் பணி மசோதா, இவ்வளவு நாளும் பிற சட்டங்களின் நிழலில் கையாளப்பட்டவற்றுக்குத் தனிப்பெயர் கொடுக்கிறது. குற்றம் செய்ய வைக்கும் நோக்கோடு ஒரு சிறாரைப் பயன்படுத்தும் வயதுவந்தவருக்கு 10 ஆண்டு வரை சிறை. பிறர் வீட்டைக் குற்றத்துக்காகக் கைப்பற்றுவோருக்கு 5 ஆண்டு வரை சிறை. உடலுக்குள் பொருளை மறைக்கும்படி ஒருவரை வற்புறுத்துவதும் தனிக்குற்றமாக அதில் சேர்க்கப்பட்டது. சிறுவனிடமிருந்து எடுத்த சரக்கின் எடையை வைத்து அவன்மேல் வழக்குப் பதியும் பழக்கத்துக்கு எதிராக, அதை யார் வைக்கச் சொன்னார்கள் என்ற கேள்வியைச் சட்டமே எழுப்புவது இதன் பெரிய பயன்.

ஆயினும் இப்புதிய குற்றம் 18 வயது நிறைந்தவர்மேல் மட்டுமே சாட்டப்படக்கூடியது. தெருவில் 13 வயதுச் சிறுவனை அணுகுபவன் பல வேளைகளில் 16 அல்லது 17 வயதினன். அவனும் சில ஆண்டுகளுக்கு முன் இதே போல வசப்படுத்தப்பட்டுக் கடனில் சிக்கியவன். தன் கடனைக் குறைக்க இன்னொருவனைக் கொண்டுவரும்படி சொல்லப்பட்டவன். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு வரை அவன் பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை. மறுநாள் காலையில் 45-ஆம் பிரிவும் அவனுக்குக் கடினமாகிறது; புதிய குற்றச்சாட்டுக்கும் அவன் உரியவனாகிறான். அந்த ஒரு இரவுக்கு இரு புறமும் அவன் கையில் இருப்பது அதே கைபேசியும் அதே கடனும்தான்.